மூடிச் சத்தத்துக்கு அசையாத குட்டி

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம். இடையில் தேத்தண்ணி போட எழும்பிப் போனால் குறை நினைக்க மாட்டேன்.

நாங்கள் எல்லோரும் ஒரு கட்டத்துக்கு வந்துவிட்டோம். பிள்ளைகள் எங்களோடு பேசுவதைக் குறைத்துவிட்டார்கள். சீனியையும் கொழுப்பையும் வைத்தியர் கையில் ஒப்படைத்தாயிற்று. மார்க்கம் நகரத்தில் ஆசைப்பட்டு வாங்கிய வீட்டில் நாலு அறையில் இரண்டு எந்த நேரமும் பூட்டிக் கிடக்கிறது. ஆகவே நாய் வாங்குகிறோம். நாயைத் தொட்டால் குளிக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட என் சிநேகிதி ஒருத்தி, போன மாதம் தன் நாய்க்குக் கேக் வெட்டிப் படம் அனுப்பியிருந்தாள். நாய் தொப்பி போட்டிருந்தது. பக்கத்தில் அவளுடைய புருஷன் தொப்பி இல்லாமல் நின்றார்.

இப்போது என் மகளும் கேட்கிறாள். வழக்கம்போல் முடியவே முடியாது என்றேன். வழக்கம்போல் இரண்டே நாளில் முடியும் என்றாகிவிட்டது.

குட்டி விற்கிற பெண் நீளமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள், சுகமான குட்டியை எப்படித் தெரிவு செய்வது என்று. கண் தெளிவாக இருக்க வேண்டும், மூக்கு ஒழுகக் கூடாது, பல் முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வயிறு மட்டும் ஊதியிருந்தால் பூச்சி. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தேன். அடுத்ததாக எழுதியிருந்தாள்: குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கையைத் தட்டுங்கள். திரும்பிப் பார்க்காவிட்டால் காதைச் சோதிக்க வேண்டும்.

கணினியை மூடிவிட்டுப் போய், ஏற்கெனவே கழுவி வைத்த கோப்பைகளை இன்னொருமுறை கழுவினேன்.

ஏனென்றால் இதே சோதனையை என் அப்பா செய்தவர். முப்பது முப்பத்தைந்து வருடம் இருக்கும். சோதனையைச் சரியாகத்தான் செய்தார். விடையைத்தான் மறுபக்கமாக வாசித்தார்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கனடாவில் வோபர்ன் என்ற இடத்தில் ஒரு வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். மேலே வீட்டுக்கார அங்கிள். அவரும் எங்கள் ஊர்ப்பக்கம்தான், எங்களுக்கு எட்டு வருடம் முதலே வந்துவிட்டவர். அந்த எட்டு வருடத்தை அவர் ஒரு பட்டம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தார்.

அப்பா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உப அதிபர். அவர் விறாந்தையில் நடந்து வந்தால் வகுப்புகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டு போகும் என்று அம்மா சொல்வார். கனடாவில் அவர் பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வாளிக்குப் பிடி போட்டார். வாளிகள் அப்பாவுக்காக அடங்கவில்லை.

இன்னொரு விசயம். நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிடுவதற்கு முந்திய வருடம் பக்கத்து வளவுக்குள் ஷெல் விழுந்தது. அதற்குப் பிறகு அப்பாவுக்கு வலது காது முழுதாகப் போய், இடது காது பாதி மிச்சம். கனடாவில் வந்து இறங்கிய முதல் கிழமைக்குள்ளேயே அம்மா என்னை இருத்திவைத்துச் சட்டம் சொன்னார்.

“அப்பாவுக்குக் கேக்காது எண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது. தெரிஞ்சால் வேலையால நிப்பாட்டிப்போடுவாங்கள். விளங்குதே?”

“ஓமம்மா.”

“அப்பாவுக்கு முன்னாலையும் அந்தக் கதை கதைக்கப்படாது.”

அப்படியே எங்கள் வீட்டில் காது என்ற சொல்லே இல்லாமல் போனது. எனக்கு ஒருமுறை காதுக்குள் குத்து வலி வந்தபோது, கன்னத்துக்குப் பின்னால் நோகிறது என்றுதான் சொன்னேன்.

நாய் வேண்டும் என்று கேட்டது நான்தான். அப்பா ஓமென்றது எனக்கே அதிர்ச்சி. அவரோடு வேலைசெய்த போர்த்துக்கேயக் கிழவர் ஒருவர் வீட்டில் நாய் ஆறு குட்டி போட்டிருந்தது. சித்திரை மாதத்து ஞாயிறு, பனி உருகிய சேற்றில் கால் புதைய நானும் அப்பாவும் பஸ்ஸில் போனோம். கார் நிறுத்துகிற கராஜுக்குள் ஒரு பழைய கம்பளத்தில் குட்டிகள் கிடந்தன. பாலும் மூத்திரமும் எஞ்சின் எண்ணெயும் கலந்த மணம். இன்றைக்கும் எந்தக் கராஜுக்குள் போனாலும் அந்த மணத்தில் பாதி எனக்கு வரும். மற்றப் பாதியைத்தான் காணோம்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டுகிற பாவனையில் காற்சட்டையை இழுத்துவிட்டுக் குந்தினார். ஒவ்வொரு குட்டியாக எடுத்து மூக்கைத் தொட்டார், உதட்டை விலக்கி முரசு பார்த்தார், கால் நகங்களை எண்ணினார். பிறகு பிடரியில் பிடித்துத் தூக்கினார்.

“கத்தாத குட்டிதான் நல்ல குட்டி, பிள்ளை. தெரியுமே?”

ஐந்து கத்தின. வெள்ளைக் குட்டி கத்தவில்லை. இடது காதில் ஒரு பழுப்புப் புள்ளி. அப்பாவின் கையில் தொங்கிக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தது, நேர்முகத் தேர்வு அதுதான் நடத்துகிற மாதிரி.

அதோடு விட்டிருக்கலாம். அப்பா சுற்றுமுற்றும் பார்த்து, குப்பைவாளியின் தகர மூடியை எடுத்து, தலைக்கு மேல் உயர்த்தி, சீமெந்து நிலத்தில் ஓங்கி அடித்தார்.

நான் சுவரோடு ஒட்டி, தலையைக் கையால் மூடிக்கொண்டு குந்திவிட்டேன். ஊர்ப் பழக்கம். ஐந்து குட்டிகள் காருக்குக் கீழே. தாய் நாய் குரைக்கிறது. வெள்ளைக் குட்டி மட்டும் இருந்த இடத்தில் இருந்து முன்னங்காலை நக்கியது. மூடி சுழன்று சுழன்று அடங்கியது. அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பாத்தியே!” அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “இவன்தான். குண்டு விழுந்தாலும் அசையான்.”

எந்தச் சத்தத்துக்கும் ஓடி ஓடிப் பதுங்கு குழிக்குள் விழுந்து எழும்பி, கடைசியில் பூமியின் மறுபக்கம் வரை ஓடி வந்த மனிதர் அவர். ஓடாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். போர்த்துக்கேயக் கிழவர் தன் காதைத் தொட்டு, தலையை ஆட்டி என்னவோ சொன்னார். அவருடைய ஆங்கிலம் எங்களுடையதைப் போலத்தான். மூடி அடித்ததில் காது வெடிக்கிறது என்கிறார் என்று நினைத்தேன். அப்பா அதற்குள் குட்டியை ஜாக்கெட்டுக்குள் விட்டுச் சிப்பை இழுத்துவிட்டார். பஸ்ஸில் ஏறுமுன் பெயரும் வைத்தாயிற்று. வீரன்.

உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எங்களுக்கு இரண்டு மாதம் எடுத்தது. படித்த குடும்பம்.

வீரன் வளர்ந்தான். கதவு திறந்தால் பாய்ந்து போவான். போனால் போனதுதான். பக்கத்து வளவு, அதற்குப் பக்கத்து வளவு, ஒருமுறை வீட்டுக்கார அங்கிள் தன் கையால் நட்ட மிளகாய்ப் பாத்தி. அப்பா வாசலில் நின்று “வீரா! இஞ்சை வா!” என்று அதிபர் குரலில் கூப்பிடுவார். வீரன் பிட்டத்தைக் காட்டிக்கொண்டு மண்ணைக் கிண்டுவான். “வீரா!” தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எதிர்வீட்டு நாய்கூட ஒருமுறை வந்து நின்றது.

நான் நூலகத்தில் நாய் பழக்குகிற புத்தகம் ஒன்று எடுத்து வந்து வாசித்துக் காட்டினேன்.

“அப்பா, ஒருதரந்தான் கூப்பிடோணுமாம். வந்த உடனை தின்ன ஏதும் குடுக்கோணுமாம். வந்த பிறகு அடிக்கவே கூடாதாம்.”

“அது வெள்ளைக்காரன்ரை நாய்க்கு.”

“இதுகும் வெள்ளைக்காரன்ரை நாய்தானேயப்பா?”

“உனக்கு வாய் கூடிப்போச்சு.”

அப்பாவின் முறை வேறு. இருபது முறை கூப்பிடுவார். பிறகு போய்ப் பிடித்துக்கொண்டு வந்து, தமிழ்க்கடை வாசலில் இலவசமாகக் கிடக்கிற வாரப் பத்திரிகையைச் சுருட்டி இரண்டு போடுவார். அந்தப் பத்திரிகையில் பாதிக்கு மேல் மரண அறிவித்தல். வீரன் அடியை வாங்கிக்கொண்டு, அது எங்கிருந்து விழுந்தது என்று வானத்தைப் பார்ப்பான். எங்களுக்கும் ஊரில் அப்படித்தான் விழுந்தது. அது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. அப்போது எனக்கும் கோபம் வீரன் மேல்தான்.

ஆனியில் மிளகாய்ப் பாத்தி இரண்டாம் முறை போனது. வீட்டுக்கார அங்கிள் படியால் இறங்கி வந்தார்.

“மாஸ்ரர், உது சரிவராது.”

“குட்டிதானே தம்பி, பழகிவிடும்.”

“கூப்பிட்டால் வாற நாய் எண்டால் இருக்கட்டும். வாற ஞாயிறு என்ரை கண்ணுக்கு முன்னாலை ஒருக்காக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. வந்தால் சரி. வராட்டி நாயைக் கொண்டுபோய் விடுங்கோ. இல்லாட்டி நீங்களும் சேர்ந்து வேறை இடம் பாருங்கோ.”

முன்னாள் மாணவனுக்கு இருக்கக்கூடிய வயதுள்ள ஒருவரிடமிருந்து அப்பாவுக்குப் பரீட்சைத் திகதி கிடைத்தது.

அந்தப் புதன்கிழமை அம்மா கறித்தூளுக்கு வறுத்தார். நிலக்கீழ் வீட்டில் செத்தல் மிளகாய் வறுத்தவர்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. புகையறிவிப்பான் அலறத் தொடங்கியது. அம்மா துவாயை வீசுகிறார், நான் இருமிக்கொண்டு கதிரையில் ஏறுகிறேன், மேலிருந்து அங்கிள் காலால் தட்டுகிறார். அலாரத்துக்கு நேர் கீழே வீரன் நித்திரை. மூக்கு மட்டும் சுருங்கி விரிந்தது.

அலாரத்தை நிறுத்தினேன். சட்டியின் மூடியை எடுத்து அவன் தலைக்குப் பின்னால் அடித்தேன். இல்லை. நிலம் அதிரக் காலை ஓங்கி உதைத்தேன். துள்ளி எழும்பி என்னைப் பார்த்து வாலை ஆட்டினான்.

திரும்பினேன். அம்மா அகப்பையோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, இதுக்கு...”

“வாயை மூடு.”

“அம்மாவுக்குத் தெரியுமே?”

“வந்த கிழமையே தெரியும்.” அகப்பையைத் திரும்பச் சட்டிக்குள் விட்டார். “கொப்பருக்குச் சொல்லிப்போடாதை. அந்த மனிசன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியுது, தான் தெரிஞ்செடுத்த நாய், குண்டுக்கும் அசையாது எண்டு. கேக்காதது ஒரு வீட்டுக்கு ஒண்டு போதும்.”

அம்மா சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புகை.

எனக்கு நாலு நாள் இருந்தது. புத்தகத்தில் பின்பக்கம் ஒரு சின்ன அத்தியாயம் இருந்தது, கேட்காத நாய்க்குக் கைச்சைகை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்வளவில் பழக்கினேன். வலது கையை நேரே உயர்த்தி, சடாரென்று இறக்கித் தொடையில் வைப்பது. வந்தால் ஒரு துண்டு சூடைக் கருவாடு. முதல்நாளே பிடித்துக்கொண்டான். சனிக்கிழமை வளவின் அந்தத் தொங்கலில், மற்ற முனையில் நின்றாலும் இரண்டு வினாடிக்கு ஒருமுறை திரும்பி என் கையைப் பார்த்தான். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபிறகு எங்கள் வீட்டில் ஒரு விசயத்தை நாலு நாளில் பழகிய ஒரே உயிர் அதுதான். அவனோடு ஒருத்தர் அவனுக்கு விளங்குகிற மாதிரிக் கதைத்ததும் அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

ஞாயிறு வந்தது. அங்கிளும் மனைவியும் கதிரை போட்டு இருந்தார்கள். அவர்கள் வீட்டு விருந்தாளிகள் இரண்டு பேரும் கையில் தேத்தண்ணியோடு வந்து நின்றார்கள். வீரனை வளவின் தொங்கலில் விட்டோம். அப்பா படியடியில் நிமிர்ந்து நின்றார், அன்றைக்கென்று சேர்ட்டை உள்ளே விட்டு. நான் அவருடைய முதுகுக்குப் பின்னால், படியில் ஏறி.

“வீரா! வா!”

அவர் ஒரேயொரு முறைதான் கூப்பிட்டார். நான் கையை உயர்த்தி இறக்கினேன். வளவை இரண்டாகக் கிழித்துக்கொண்டு அந்த வெள்ளை நாய் பறந்து வந்தது. என்னிடம் வருவதற்குள் அப்பா குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டார்.

“அட, மாஸ்ரர்!” என்றார் அங்கிள். விருந்தாளி ஒருவர் கைதட்டினார்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் ஊரில் ஏழெட்டு வயதில் கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு காணவில்லை. கூப்பிட்டால் ஒருவரும் வராத ஒரு நாட்டில், இரண்டு வருடத்துக்குப் பிறகு, அவர் கூப்பிட்டு ஒன்று ஓடி வந்திருக்கிறது. நான் கருவாட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

அந்தக் கோடைதான் எங்கள் வீட்டின் நல்ல காலம். நான் அதை மறுக்கமாட்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முதல் வீரன்தான். அப்பா கூப்பிடுவார், நான் பின்னால் நிற்பேன், வீரன் வருவான். இரண்டு மாதத்தில் எத்தனை தடவை கையைத் தூக்கியிருப்பேன்! அப்பா பகிடி விடத் தொடங்கினார். வாளிப் பிடியைப் பற்றிக்கூட. ஒருநாள் அம்மாவிடம், “இஞ்சரப்பா, நீரும் ஒருக்கா உப்பிடி ஓடி வாருமன்,” என்றார். அம்மா அகப்பையைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் உண்மை இன்னும் ஒரு அடி கீழே போய்க்கொண்டிருந்தது. பதினொரு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், இனி இதைச் சொன்னால் அப்பாவிடமிருந்து எதையோ பிடுங்குவேன் என்பது.

புரட்டாசியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. அப்பாவுக்கு வேலை நேரம் மாறி, பகலில் வீட்டில் நின்றார். மத்தியானத்தில் வீரனைப் பள்ளத்தாக்கு ஓரப் பூங்காவுக்குக் கூட்டிப் போகத் தொடங்கினார்.

“அப்பா, அங்கை வாரைக் கழட்டாதேங்கோ.”

“ஏன்?”

“ஓடிடும்.”

“நான் கூப்பிட்டால் வரும். உன்னை மாதிரி ரெண்டுதரம் கூப்பிடத் தேவையில்லை.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வீரன் தன் பாட்டில் திரும்பி வந்திருப்பான். அதை நினைத்து நானும் கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கினேன், ஒருவேளை அவனுக்குக் கேட்கத் தொடங்கிவிட்டதோ என்று. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நம்பினேன்.

ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தபோது அப்பா பக்கக் கதவடியில் இருந்தார். கையில் வார் மட்டும்.

“ஒரு முயலைக் கண்டான்,” என்றார். “மரங்களுக்குள்ளை போனான். கூப்பிட்டன் பிள்ளை. திரும்பியும் பாக்கேல்லை.”

கத்திக் கத்திக் குரல் ஏற்கெனவே கம்மியிருந்தது. அன்று பின்னேரமும் போனோம், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். சிவந்து உதிர்ந்து கிடந்த இலைகளை மிதித்துக்கொண்டு அப்பா பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்துவார். பிறகு நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். கேட்காத ஒன்றைக் கேட்காத ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே இரண்டும் தெரிந்த ஒரே ஆள், அவருடைய மகள், பக்கத்தில் நின்று சப்பாத்தால் இலையைக் கிண்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை மேசையில் இருத்தி அறிவித்தல் எழுதச் சொன்னார். வீட்டில் ஆங்கிலம் என் பொறுப்பு. அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். வெள்ளை நாய். இடது பக்கத்தில் பழுப்புப் புள்ளி.

“வீரன் எண்டு கூப்பிட்டால் உடனை வரும். அதையும் எழுது.”

பேனா நின்றது.

“எழுதன். அதுதானே முக்கியம். ஆரும் கண்டால் கூப்பிட்டுப் பாப்பினம்.”

எழுதினேன். என் கையெழுத்து நல்ல வடிவு என்று ரீச்சர்மார் சொல்வார்கள். நூலகத்தில் பிரதி எடுத்து, தமிழ்க்கடையிலும் மின்கம்பங்களிலும் ஒட்டினோம்.

ஐந்தாம் நாள் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். ஒரு பெண், வயதானவர் போல, மெதுவாகக் கதைத்தார். லோறன்ஸ் தெருவில் ஒரு கடைத்தொகுதிக்குப் பின்னால் வெள்ளை நாய் ஒன்று இரண்டு நாளாகப் படுத்திருக்கிறதாம். மெலிந்து போயிருக்கிறதாம். புள்ளியும் இருக்கிற மாதிரித்தான் தெரிகிறதாம். ஆனால் தான் பக்கத்தில் நின்று அந்தப் பெயரைப் பலமுறை சொல்லிப் பார்த்தாராம். அது தலையைத் திருப்பவே இல்லையாம். ஆகவே உங்களுடையதாக இராது, எதற்கும் சொல்லி வைப்போமென்று எடுத்தாராம்.

“ஆர்? என்னவாம்?” அப்பா என் தோளைப் பிடித்தார்.

சொன்னேன். ஒரு சொல் விடாமல், நல்ல காதுப் பக்கம் நின்று, சத்தமாக மொழிபெயர்த்தேன்.

அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்து, அப்படியே போனது.

“கூப்பிட்டவாவாமோ?”

“ஓம்.”

“திரும்பேல்லையாமோ?”

“இல்லையாம்.”

குசினியில் தண்ணீர்க் குழாய் நின்றது. அம்மா வெளியே வரவில்லை. தொலைபேசிக்குள் அந்தப் பெண், இருக்கிறாயா பிள்ளை என்று கேட்டார். சொல்வதற்கு எனக்கு ஒரே ஒரு வசனம்தான் தேவைப்பட்டது. அதில் அந்த வீட்டில் இல்லாத ஒரு சொல் இருந்தது. அதைச் சொன்னால் அந்த ஞாயிறும், அந்தக் கோடையும், அம்மாவும், நானும் எல்லாம் சேர்ந்து அவர் தலையில் விழுவோம்.

“அப்ப அது எங்கடையில்லை,” என்றார் அப்பா. தோளிலிருந்து கையை எடுத்தார். “எங்கடையெண்டால் வந்திருக்கும். தாங்க் யூ சொல்லிப்போட்டு வை.”

நான் தாங்க் யூ சொல்லிவிட்டு வைத்தேன்.